பலகையில் டொக்டர்; பதிவேட்டில்?



வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் முதலில் தூக்கம் இழப்பவர் நீங்கள்தான். வாப்பா கடையிலோ வயலிலோ வெளிநாட்டிலோ இருப்பார். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பதும், ஈரத்துணி போடுவதும், இனிப் பொறுக்கக் கூடாது, மருந்தெடுக்க வேண்டும் என்று தீர்மானிப்பதும் நீங்கள்தான். பிள்ளையைத் தோளில் போட்டுக் கொண்டு சந்தியிலுள்ள டிஸ்பென்சரிக்குப் போகிறீர்கள். வாசலில் ஒரு பலகை. அதில் ஒரு பெயர். பெயருக்குப் பின்னால் சில எழுத்துகள். உள்ளே இருப்பவர் குழாயை நெஞ்சில் வைத்துப் பார்க்கிறார். ஊசி ஒன்று போடுகிறார். மூன்று வர்ணத்தில் வில்லைகளைக் கடதாசியில் சுற்றித் தருகிறார். காசைக் கொடுத்து விட்டு வீடு திரும்புகிறீர்கள்.

மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்கின்றோம். சேலை வாங்கினால் கரையைத் திருப்பிப் பார்க்கின்றோம். நகை வாங்கினால் முத்திரை உண்டா என்று கேட்கின்றோம். பெற்ற பிள்ளையின் உடம்பில் ஊசி ஏற்றுகிறவரிடம் மாத்திரம், "நீங்கள் எங்கே படித்தீர்கள்?" என்று கேட்க நமக்கு வாய் வருவதில்லை. கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கின்றோம்.

ஆனால் இந்த விடயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தகுதி பெற்ற வைத்தியர் பக்கத்தில் இல்லாதபடியால்தான் பலரும் தகுதியில்லாதவரிடம் போகின்றனர். வைத்தியம் செய்யும் அனுமதியை யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு இறுக்கமாகக் கொடுப்பது, எவ்வளவு விரைவாகக் கொடுப்பது என்பதெல்லாம் கொழும்பில் பெரியவர்கள் பேசித் தீர்க்கும் காரியம் போலத் தெரியலாம். உண்மையில் அது உங்கள் சந்தியில் இரவு எட்டு மணிக்கு யாருடைய கதவு திறந்திருக்கும் என்பதைத் தீர்மானிக்கும் காரியமாகும்.

பக்தாதில் நடந்த பரீட்சை

இது புதிய பிரச்சினையல்ல. ஆயிரம் வருடங்களுக்கு முன்னரே நமது முன்னோர் இதற்கு முகங்கொடுத்தனர். ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931இல், அப்பாஸிய கலீபா அல் முக்ததிரின் காலத்தில், பக்தாத் நகரில் வைத்தியர் ஒருவரின் பிழையான சிகிச்சையால் ஒருவர் இறந்து போனார். செய்தி கலீபாவின் காதுக்கு எட்டியது. தலைமை வைத்தியரான ஸினான் இப்னு ஸாபித் பரீட்சித்து அத்தாட்சி கொடுத்தாலன்றி இனி எவரும் வைத்தியம் செய்யக் கூடாது என்று உத்தரவு பிறந்தது. அப்போது பரீட்சைக்கு வந்தவர்கள் 860க்கும் மேற்பட்டோர் என்று வைத்தியர்களின் வரலாற்றை எழுதியோர் பதிவு செய்துள்ளனர்.

அந்தப் பரீட்சையில் ஒரு சுவையான சம்பவம் சொல்லப்படுகின்றது. நல்ல உடை உடுத்த, கம்பீரமான முதியவர் ஒருவர் வந்தார். ஸினான் அவரை மரியாதையோடு பக்கத்தில் இருத்தி, எல்லோரையும் பரீட்சித்து முடித்த பின், "உங்கள் ஆசிரியர் யார்?" என்று கேட்டார். முதியவர் ஒரு பொதி பொற்காசை எடுத்து முன்னே வைத்தார். தனக்கு எழுத வாசிக்கவே ஒழுங்காகத் தெரியாது என்றும், இந்தத் தொழிலில்தான் குடும்பம் வாழ்கிறது என்றும், வயிற்றில் அடிக்க வேண்டாம் என்றும் உண்மையைச் சொன்னார். ஸினான் சிரித்தார். அறியாத நோய்க்குக் கை வைக்கக் கூடாது, இரத்தம் குத்தி எடுக்கவோ பேதிக்குக் கொடுக்கவோ கூடாது, இலேசான வருத்தங்களுக்கு மாத்திரம் மருந்து கொடுக்கலாம் என்ற நிபந்தனையோடு அவரைப் போக விட்டார். மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். ஆசிரியர் யார் என்று கேட்டதற்கு, நேற்று வந்த அந்த முதியவரே தன் தகப்பன் என்றும், அவரிடமே படித்ததாகவும் சொன்னாராம்! அவருக்கும் அதே நிபந்தனைதான் கிடைத்தது.

சிரித்து விட்டுப் போகும் கதையல்ல இது. ஸினான் செய்த காரியத்தைக் கவனியுங்கள். தெரியாதவரின் கையிலிருந்து ஆபத்தான சிகிச்சையைப் பறித்தார்; ஆனால் இலேசான வருத்தத்துக்கு மக்கள் போய் வந்த வாசலை அடைத்து விடவில்லை. யார் எதைச் செய்யலாம் என்று ஓர் எல்லை போட்டார். அந்த முதியவர்கள் எல்லையை மீறாமல் இருந்தார்களா என்று யார் பார்ப்பது என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

மருத்துவம் அறியாமல் வைத்தியம் பார்த்துத் தீங்கு விளைவித்தவர் அதற்குப் பொறுப்பாளி என்னும் கருத்தில் நபிமொழி உண்டு. அபூதாவூத், இப்னுமாஜா ஆகிய கிரந்தங்களில் அது பதிவாகியுள்ளது. ஆகவே வைத்தியரின் தகுதியைக் கேட்டறிவது மரியாதைக் குறைவல்ல.

நமது நாட்டில் யார் வைத்தியர்?

இலங்கையில் மேலைத்தேய வைத்தியத்தை ஒழுங்குபடுத்துவது 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டமாகும். இதன் கீழ் இயங்குவது இலங்கை மருத்துவ சபை. இந்தச் சபையின் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் ஆங்கில வைத்தியம் செய்வது குற்றம்.

பெயர் பதிவாவது இலேசான காரியமல்ல. பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் ஐந்து வருடம் படித்து எம்.பி.பி.எஸ். இறுதிப் பரீட்சையில் தேற வேண்டும். அதன் பின் தற்காலிகப் பதிவுடன் அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி. ஆறு மாதம் ஒரு பிரிவிலும் ஆறு மாதம் இன்னொரு பிரிவிலும், மூத்த வைத்தியரின் கண்காணிப்பில், இரவு பகல் பாராது வேலை செய்ய வேண்டும். அதன் பிறகே முழுப் பதிவு கிடைக்கும். விசேட வைத்திய நிபுணர் என்றால், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் மேலும் பல வருடங்கள் பயின்று சான்று பெற வேண்டும்.

நமது பெரியவர்கள் 'அப்போதிக்கரி' என்று அழைத்தார்களே, அவர்களும் சட்டப்படி பதிவு பெற்றவர்கள்தான். உதவி வைத்தியர் என்றும், பதிவு பெற்ற வைத்தியர் என்றும் பின்னர் பெயர் பெற்ற இவர்கள் பட்டதாரிகளல்லர். ஆனால் குறித்த பயிற்சி பெற்று, அதே மருத்துவ சபையின் வேறொரு பதிவேட்டில் பெயர் பதிந்தவர்கள். பல கிராமங்களில் அரசாங்க மருந்தகத்தை நடத்தியவர்கள் இவர்களே.

யூனானி, ஆயுர்வேதம், சித்தம், பாரம்பரிய வைத்தியம் ஆகியவற்றுக்கு 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டமும், அதன் கீழ் ஆயுர்வேத மருத்துவ சபையும் உண்டு. ராஜகிரியவில் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து யூனானி பட்டப்படிப்பு நடைபெறுகின்றது. நமது சமூகத்துப் பெண் பிள்ளைகள் பலர் அங்கு படித்து ஹகீம்களாக வெளியேறியுள்ளனர். முறிவு தறிவுக்குக் கட்டுப் போடுபவர், விஷக்கடி பார்ப்பவர் போன்ற பரம்பரை வைத்தியர்களையும் அந்தந்தத் துறைக்கு மாத்திரம் பதிவு செய்ய அங்கு வழியுண்டு. ஸினான் போட்ட எல்லை ஞாபகம் வருகிறதல்லவா? ஹோமியோபதிக்கும் தனிச் சட்டமும் தனிச் சபையும் உள்ளன.

ஆக, பதிவேடு ஒன்றல்ல, பல. ஒருவர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறாரோ அந்த வைத்தியத்தைத்தான் அவர் செய்யலாம். யூனானி படித்தவர் யூனானி மருந்து தருவதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஒருவர், முன்பு டொக்டர் ஒருவரிடம் மருந்து கட்டிக் கொடுத்த அனுபவத்தை மாத்திரம் வைத்துக் கொண்டு கடை திறப்பது வேறு விடயம்.

"போட்ட ஊசியில் பறந்து விட்டது"

"அந்தப் பெரிய டொக்டருடைய மருந்தில் ஒரு கிழமை எடுத்தது, இவர் போட்ட ஒரே ஊசியில் வருத்தம் பறந்து விட்டது" என்று அயல்வீட்டு ராத்தா சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஏன் பறக்கின்றது?

ஸ்டீரொய்ட் என்றொரு மருந்து வகை உண்டு. தகுந்த நோய்க்கு, தகுந்த அளவில் கொடுத்தால் உயிரைக் காக்கும் மருந்து அது. மூட்டு நோ, இழுப்பு, காய்ச்சல், சொறி என்று எதற்குக் கொடுத்தாலும் முதலில் சுகம் போலத் தெரியும். அதுதான் அதன் ஆபத்து. நோயை மாற்றாமல் நோயின் அடையாளத்தை அது மறைத்து விடும். நெடுநாள் எடுத்தால் முகம் ஊதும், சீனி ஏறும், பிரஷர் ஏறும், எலும்பு பலமிழக்கும், கிருமிகளை எதிர்க்கும் சக்தி குறையும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. இந்தக் கணக்குத் தெரியாதவர் கையில் அது இருக்கக் கூடாது.

டெங்குவை எடுத்துக் கொள்ளுங்கள். 2017இல் நமது நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெங்கு நோயாளிகள் பதிவாகினர். டெங்குக் காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் தவிர வேறு நோ மருந்து கொடுக்கக் கூடாது. டைக்லோபெனக், இபுபுரோபன், அஸ்பிரின் போன்றவை இரத்தக்கசிவுக்கு வழி செய்யும். காய்ச்சலை இறக்குவதற்கென்று பின்பக்கத்தில் வைக்கும் மருந்திலும் டைக்லோபெனக் இருக்கலாம். இன்னொன்று: டெங்குவில் காய்ச்சல் விடும் நேரமே ஆபத்தான நேரம். ஒன்றும் தெரியாதவர் "காய்ச்சல் விட்டு விட்டது, இனிப் பயமில்லை" என்பார். தெரிந்தவர் அப்போதுதான் இரத்தப் பரிசோதனைத் துண்டைக் கேட்பார். பதிவேட்டில் பெயர் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு நாளில் ஒரு பிள்ளையின் உயிராக இருக்கலாம்.

கதவு இறுகினால் யார் வெளியே நிற்பது?

இவ்வளவும் சொன்ன பிறகு, "அப்படியானால் சட்டத்தை இறுக்கி, பட்டதாரி டொக்டர்களைத் தவிர மற்றெல்லோரையும் அனுப்பி விட்டால் சரிதானே?" என்று நீங்கள் கேட்கலாம். அங்குதான் மறுபக்கம் தொடங்குகின்றது.

உதவி வைத்தியர்களுக்கான பயிற்சி பல வருடங்களுக்கு முன்னரே நிறுத்தப்பட்டது. கிராமத்தவர்க்கும் பட்டதாரி வைத்தியரே கிடைக்க வேண்டும் என்பது நல்ல எண்ணந்தான். ஆனால் மூத்த அப்போதிக்கரிமார் ஓய்வு பெற்றுப் போகப் போக, அந்த இடத்துக்குப் பட்டதாரி ஒருவர் வந்து தங்கினால்தான் மருந்தகம் திறக்கும். வீடு வசதி இல்லாத, பிள்ளைகளுக்கு நல்ல பாடசாலை இல்லாத, பஸ் இரண்டு மாத்திரம் ஓடும் ஊரில் யார் தங்குவார்? 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் பெருந்தொகையான வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனபோது, முதலில் கைவிடப்பட்டவை தூர இடங்களே.

வெளிநாட்டில் படித்து வருவோரின் நிலை இன்னொன்று. சீனா, பங்களாதேஷ், பாகிஸ்தான், நேபாளம், ரஷ்யா என்று நமது பிள்ளைகள் பலர் மருத்துவம் படிக்கப் போகின்றனர். காணி விற்று, நகை அடகு வைத்து அனுப்பிய குடும்பங்கள் நமது ஊர்களில் எத்தனை! படித்து முடித்து வந்ததும் வைத்தியம் செய்ய முடியாது. அவர்கள் படித்த கல்லூரி இலங்கை மருத்துவ சபை ஏற்றுக் கொண்டதாக இருக்க வேண்டும். அதன் பின், முன்னர் 'அக்ட் 16' என்று பெயர் பெற்றிருந்த பதிவுப் பரீட்சையில் தேற வேண்டும். பல தடவை எழுதித் தேறுவோரும் உண்டு. தேறிய பின்னும் உள்ளகப் பயிற்சி நியமனத்துக்காகக் காத்திருக்க வேண்டும். உள்நாட்டுப் பட்டதாரிகளுக்கும் இந்தக் காத்திருப்பு உண்டு. ஒரு பக்கம் படித்த பிள்ளை வீட்டில் இருக்கின்றாள். மறுபக்கம் அதே மாவட்டத்து மருந்தகத்தில் வைத்தியர் இல்லை என்ற அறிவித்தல் தொங்குகின்றது.

பரீட்சை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எல்லா நாட்டுக் கல்லூரிகளும் ஒரே தரத்தில் இல்லை. நோயாளியைத் தொடாமலே பட்டம் பெறக்கூடிய இடங்களும் உலகில் உண்டு. பரீட்சை இறுக்கமாகவே இருக்கட்டும். ஆனால் இறுக்கம் வேறு, இழுத்தடிப்பு வேறு. பரீட்சை கேள்வியில் கடினமாக இருந்தால் நோயாளி பாதுகாக்கப்படுகின்றார். காகிதம் மேசையில் கிடந்து காலம் போனால் நோயாளிக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை, வைத்தியர்தான் கிடைக்கவில்லை.

மாலபேயில் இயங்கிய சைட்டம் தனியார் மருத்துவக் கல்லூரியின் விவகாரம் உங்களுக்கு ஞாபகமிருக்கும். அங்கு படித்தோரைப் பதிவு செய்ய மருத்துவ சபை மறுத்தது. 2017 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பதிவு செய்யும்படி தீர்ப்பளித்தது. 2018 செப்டெம்பரில் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இதற்கிடையில் ஊர்வலங்களும் வைத்தியர்களின் வேலைநிறுத்தங்களும் நடந்தன. கல்லூரி இல்லாமற் போய், மாணவர்கள் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கப்பட்டனர். இரு பக்கத்துக்கும் நியாயங்கள் இருந்தன. ஆனால் வேலைநிறுத்த நாட்களில் விடிய முன் பஸ் ஏறி வந்து, துண்டு கிடைக்காமல் திரும்பிப் போன தாய்மார் எந்தப் பக்கத்தையும் சேர்ந்தவர்களல்லர்.

பெண்களுக்கு வரும் மேலதிகச் சுமை

மார்பில் ஒரு கட்டி, நெடுநாளாகப் படும் வெள்ளை, மாதவிடாயில் அளவுக்கு மீறிய போக்கு இவற்றை நமது பெண்கள் எத்தனை மாதம் மறைத்து வைக்கின்றனர்? ஆண் டொக்டரிடம் காட்ட வெட்கம் என்ற ஒரே காரணத்துக்காக, ஊரில் கை மருந்து கொடுக்கும் ஒரு பெண்ணிடம் போய்க் காலத்தைப் போக்குவோர் உள்ளனர். கடைசியில் மஹரகமை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கட்டி பரவியிருக்கும்.

மார்க்கச் சட்டம் இதில் தெளிவாக உள்ளது. தகுதியுள்ள பெண் வைத்தியர் கிடைத்தால் அவரிடம் போவதே முறை. கிடைக்காத போது, தேவையான அளவுக்கு, மஹ்ரமான ஒருவரோ நம்பிக்கையான பெண்ணொருவரோ உடனிருக்க, ஆண் வைத்தியரிடம் காட்டுவதற்கு அனுமதி உண்டு. உங்கள் முன்னே தேர்ச்சி பெற்ற ஆண் ஒருவரும், ஒன்றும் படிக்காத பெண் ஒருவரும் இருந்தால் அது இரண்டு வைத்தியர்களில் ஒருவரைத் தெரிவு செய்வது அல்ல. அங்கே வைத்தியர் ஒருவர்தான் இருக்கின்றார்.

அத்தோடு, உங்கள் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சுகவனிதையர் கிளினிக் நடைபெறுகின்றது. 35 வயது கடந்த பெண்களுக்கு மார்பையும் கர்ப்பப்பைக் கழுத்தையும் இலவசமாகப் பரிசோதிக்கும் இடம் அது. உங்கள் மிட்வைப்பிடம் கேட்டால் நாளும் நேரமும் சொல்வார்.

மிட்வைப் கற்றுத் தந்த பாடம்

தகுதியும் வேண்டும், வைத்தியம் வீட்டுக்குப் பக்கத்திலும் வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்குமா? கிடைக்கும் என்பதற்கு நமது நாட்டிலேயே அத்தாட்சி உண்டு.

1930களில் இலங்கையில் ஓர் இலட்சம் பிரசவத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். உங்கள் பாட்டிமார், பூட்டிமாரின் காலம் அது. அப்போது பெரும்பாலான ஊர்களில் பிரசவம் பார்த்தவர் மருத்துவிச்சி. அவர்களில் கைதேர்ந்தவர்கள் இருந்தனர். ஆனால் இரத்தம் நிற்காமல் போனால், வலிப்பு வந்தால், என்ன செய்வது என்று அவர்களுக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டு, படிப்படியாக நாடெங்கும் அம்முறை பரவியது. பயிற்சி பெற்று, மருத்துவ சபையில் பதிவு பெற்ற மிட்வைப்மார் ஊர் ஊராக நியமிக்கப்பட்டனர். இவர்கள் டொக்டர்களல்லர். எது சாதாரணம், எது ஆபத்து, எதை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று நன்கு அறிந்த பெண்கள். அனுப்புவதற்கு ஆஸ்பத்திரியும் இருந்தது. அங்கு காசும் கேட்கவில்லை.

2010களில் அந்த இரண்டாயிரம் நாற்பதுக்கும் கீழே இறங்கி விட்டது. இன்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடைபெறுகின்றன. புதிய மருந்துகள், இரத்த வங்கி, மலேரியா ஒழிப்பு, பெண் கல்வி எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. என்றாலும் வீட்டு வாசலுக்கு வரும் அந்த மிட்வைப் இல்லாமல் இது நடந்திருக்காது.

இதிலுள்ள பாடம் என்ன? எல்லோரையும் டொக்டராக்கத் தேவையில்லை. செய்ய வேண்டிய வேலைக்குப் போதுமான பயிற்சியைக் கொடுத்து, அந்த வேலைக்கு மாத்திரம் அனுமதி கொடுத்து, எல்லை மீறாமல் மேற்பார்வை செய்து, மக்களுக்குப் பக்கத்தில் அனுப்பினால் போதும். ஸினான் அன்று போட்ட எல்லைக்கு இல்லாதிருந்த பயிற்சியையும் மேற்பார்வையையும் சேர்த்தால் கிடைப்பது இதுதான்.

நீங்கள் செய்ய வேண்டியவை

ஒன்று: புதிதாக ஒரு வைத்தியரிடம் போகுமுன் அவரது பதிவைத் தெரிந்து கொள்ளுங்கள். பதிவு பெற்ற வைத்தியரின் றப்பர் முத்திரையில் மருத்துவ சபையின் பதிவிலக்கம் இருக்கும். மருந்துத் துண்டில் அதைப் பாருங்கள். இலங்கை மருத்துவ சபையின் இணையத்தளத்தில் பெயரைத் தேடலாம். வீட்டில் போன் பிடித்திருக்கும் பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள். தனியார் மருத்துவ நிலையங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும் பதிவு பெற வேண்டும்.

இரண்டு: துண்டு கேளுங்கள். மருந்தின் பெயரை எழுதித் தர மறுப்பவரிடம் மருந்தெடுக்க வேண்டாம். கடதாசியில் சுற்றிய வில்லையில் என்ன இருக்கிறது என்று பின்னர் ஆஸ்பத்திரி டொக்டர் கேட்டால், "மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று" என்று சொல்லத்தான் உங்களுக்கு முடியும்.

மூன்று: நீங்களாக ஊசி கேட்க வேண்டாம். ஊசி போடாத டொக்டர் கெட்டிக்காரர் இல்லை என்ற எண்ணமே, ஊசியை மாத்திரம் அறிந்தவரை வாழ வைக்கின்றது.

நான்கு: பாமசிக்காரர் டொக்டரல்லர். மருந்துக் கடையில் பதிவு பெற்ற மருந்தாளர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவர் துண்டுக்கு மருந்து தருவதற்கும், அளவைச் சொல்லித் தருவதற்கும் பயின்றவர். நோயைச் சொல்லி மருந்து கேட்பதும், துண்டில்லாமல் அன்டிபயோட்டிக் வாங்குவதும் ஆபத்து.

ஐந்து: பிள்ளையை வெளிநாட்டுக்கு மருத்துவம் படிக்க அனுப்ப எண்ணினால், முகவரின் பேச்சை நம்பிக் காசு கட்ட வேண்டாம். குறித்த கல்லூரி ஏற்றுக் கொள்ளப்பட்டதா, உங்கள் பிள்ளையின் உயர்தரப் பெறுபேறு போதுமா என்பதை மருத்துவ சபையிடம் எழுத்தில் கேட்டுப் பதிலை எடுத்து வையுங்கள். விமானம் ஏறிய பின் கேட்கும் கேள்விக்கு விடை கிடைத்தும் பயனில்லை.

ஆறு: ஊர் மருந்தகத்தில் வைத்தியர் இல்லையென்றால் வீட்டுக்குள் முணுமுணுக்க வேண்டாம். மாதர் சங்கமாகவோ பள்ளி நிர்வாகத்தின் ஊடாகவோ பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு எழுதுங்கள். வரும் டொக்டர் தங்குவதற்கு ஒரு நல்ல வீட்டை ஊரார் ஒழுங்கு செய்து கொடுத்தால், நியமனம் பெற்றவர் நிலைத்து நிற்க அதுவே பெரிய உதவி.

கடைசியாக ஒன்று. மதீனாவில் காயம்பட்ட ஸஹாபாக்களுக்குப் பள்ளிவாசலருகே கூடாரம் அமைத்துச் சிகிச்சை செய்தவர் ருபைதா அல் அஸ்லமிய்யா என்ற பெண்மணி. அவரது கை தேர்ச்சியை எல்லோரும் அறிந்திருந்தனர். அதனால்தான் ஸஃது இப்னு முஆத் அவர்கள் காயமடைந்தபோது அந்தக் கூடாரத்துக்கு அனுப்பப்பட்டார்கள். இன்று பெண் வைத்தியர் இல்லை, தமிழ் பேசும் நேர்ஸ் இல்லை, நம்மவரான மிட்வைப் இல்லை என்று குறைப்படுகிறோம். ஆனால் உயர்தரத்தில் உயிரியல் படித்த மகள் மிட்வைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்றால், இரவு வேலை, தூர இடம், கலியாணம் தள்ளிப் போகும் என்று நாமே தடுக்கின்றோம்.

அடுத்த முறை வர்த்தமானியில் பயிற்சிக்கு விண்ணப்பம் கோரப்படும்போது அந்தப் பக்கத்தை உங்கள் மகளிடம் நீங்களே எடுத்துக் கொடுங்கள். நம் ஊர்ப் பெண்களின் பெயர்களும் பதிவேட்டில் ஏறினால்தான், நாளை இன்னொரு தாய் பிள்ளையைத் தோளில் போட்டுக் கொண்டு போகும் வாசலில் தகுதியுள்ள ஒருவர் இருப்பார்.